வீடு முந்தியா, பஸ் முந்தியா?

எண்பதுகளில் சாத்தான்குளத்திலிருந்து பிழைப்புத் தேடித் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறியவர்களில் நானும் ஒருவன். கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்து பஸ் நாசரேத்தையும் குரும்பூரையும் கடந்து ஆத்தூரில் தாமிரபரணிப் பாலம் ஏறும்போது, வாழைத் தோட்டமும் வெற்றிலைக் கொடிக்காலும் அனுப்புகிற குளிர்காற்றில் எங்கள் ஊர்த் தேரிமண்ணின் சூடே மறந்துபோகும். பழையகாயலுக்கு அப்பால் உப்பளம் கண்ணைக் கூச வைக்கும். முத்தையாபுரம் வந்ததும் எல்லாரும் காலடியில் கிடந்த கருப்பட்டிப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். அந்தப் பாதையில் போனவர்களுக்கு இதைப் படிக்கும்போதே ஜன்னலோர இடத்துக்குத் துண்டு போட்டது ஞாபகம் வரும்.

அன்றைக்குத் தூத்துக்குடியில் வீடு என்றால் பெரும்பாலும் வளவுதான். ஒரு முற்றம், ஒரு கிணறு, அதைச் சுற்றி வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் பசி எடுக்கும். வழி சொல்வதென்றால் ஒன்றாம் கேட், இரண்டாம் கேட் என்று ரயில்வே கேட்டை வைத்துத்தான். நகராட்சியின் மொத்தப் பரப்பே 13.47 சதுர கிலோமீட்டர். மில் சங்கு ஊதிய பிறகு கிளம்பினாலும் நடந்தே வேலைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. கொஞ்சம் தூரமென்றால் மணிக்கணக்கு வாடகைக்குச் சைக்கிள் எடுப்போம்; பின்னால் ஒருவன், முன்கம்பியில் ஒருவன் என்று கடற்கரைக் காற்றை எதிர்த்து மிதித்த சுகத்தை இன்றைய வண்டி எதுவும் எனக்குத் தரவில்லை.

எங்களுக்குப் பெரிய அதிசயமாக இருந்தவை ஊருக்குத் தெற்கே எழுந்த குடியிருப்புகள். 1974 ஜூலையில் தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டிய ஆண்டுகளிலேயே ஸ்பிக் உரத் தொழிற்சாலையும், கனநீர் ஆலையும், அனல்மின் நிலையமும் வந்தன. ஹார்பர் எஸ்டேட், ஸ்பிக் நகர், தெர்மல் நகர் என்று புதுப்புது ஊர்கள் முளைத்தன. குவார்ட்டர்ஸில் குடியிருந்த நண்பனைப் பார்க்கப் போகும்போதெல்லாம் வாய் பிளந்து நிற்பேன். வீடு இருக்கிற தெருவுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம், கடை, ஆஸ்பத்திரி. ஷிப்ட் நேரத்துக்குப் பஸ். இப்போது யோசித்தால் அதன் ரகசியம் புரிகிறது. காலை ஆறு மணிக்கு ஆள் வேலைக்கு வந்து நிற்க வேண்டும் என்று எந்த நிறுவனம் நினைத்ததோ, அதே நிறுவனம்தான் அவன் தூங்குகிற வீட்டையும் கட்டியது. அதனால் வீட்டுக் கணக்கும் பஸ் கணக்கும் ஒரே மேசையில் போடப்பட்டன. அந்த ஒரே மேசைதான் பிற்பாடு இல்லாமல் போயிற்று.

2008 ஆகஸ்டில் தூத்துக்குடி மாநகராட்சி ஆனது. 2011இல் மீளவிட்டான், சங்கரப்பேரி, அத்திமரப்பட்டி, முத்தையாபுரம் எல்லாம் சேர்ந்து பரப்பு 90.66 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அதற்கு முன்பிருந்தே கரிசல் காட்டிலும் ஓடைக் கரையிலும் வெள்ளைக் கல் நட்டு, கலர்க் கொடி கட்டி மனை விற்பது தொடங்கிவிட்டது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடுத்தது. 2017இல் அவற்றை வரன்முறைப்படுத்த அரசு விதிகள் கொண்டுவந்தது. கட்டணம் கட்டிப் பத்திரம் நேரானது நல்லதுதான். வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். ஆனால் அங்கிருந்து ஒரு கிழவி கண் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவாள், டியூஷன் முடிந்த பெண்பிள்ளை எப்படித் திரும்புவாள் என்பது அந்தத் தாள்கள் எதிலும் ஒரு கேள்வியாகவே இல்லை.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கூலி வேலைக்குப் போகிற பெண்களின் கையில் மாதாமாதம் காசு மிஞ்ச வைத்த திட்டம் அது; மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் பஸ்ஸே போகாத மனைப்பிரிவில் வீடு கட்டியவளுக்கு அந்தச் சலுகை எட்டாது. அவள் வீட்டில் தவணைக்கு ஒரு ஸ்கூட்டர், அதற்குப் பெட்ரோல், மகனுக்கு இன்னொன்று. மனை மலிவு என்று வாங்கியதன் மிச்சமெல்லாம் சாலையில் கரைகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தூத்துக்குடியிலும் தண்ணீர் தன் பழைய பாதையைத் தேடி வந்து பள்ளத்தில் கட்டிய வீடுகளுக்குள் நின்றது. மனைக்கு இடம் தேர்ந்தபோது பஸ்ஸை யோசிக்காதது போலவே வெள்ளத்தையும் யாரும் யோசிக்கவில்லை.

இது தூத்துக்குடிக்கு மட்டும் நேர்ந்ததல்ல. சென்னையில் கூவம் கரையிலும் நகரின் நடுவிலும் குடிசையில் இருந்தவர்களை 2000 முதல் கண்ணகி நகருக்குக் கொண்டுபோனார்கள். கான்கிரீட் வீடு கிடைத்தது, நடந்து போய்ச் செய்த வேலை பலருக்குக் கைவிட்டுப் போனது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தபோது, பக்கத்திலேயே தண்டவாளம் ஓடியும் ரயில் நின்று ஏற ஒரு நிலையம் இல்லை. தென் மாவட்டத்திலிருந்து விடியக்காலையில் போய் இறங்கி, பெட்டியோடு நின்ற நம் ஜனங்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். சிங்கப்பூரில் வேறு விதம். 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கி அடுக்ககங்களைக் கட்டினார்கள். தோ பாயோவில் வீடுகளுக்கு நடுவிலேயே கடைத்தெருவும் பேருந்து நிலையமும் அமைந்தன. 1987இல் முதல் எம்ஆர்டி ரயில் ஓடிய பாதையின் ஒரு முனையும் அதே தோ பாயோதான். ஆட்கள் நிறைய இருக்கிற இடத்துக்குத்தான் வண்டி முதலில் வரவேண்டும் என்ற எளிய நியாயம் அங்கே செல்லுபடியானது.

எங்கள் பக்கத்துக்கே அப்படி ஒரு காலம் இருந்தது. திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம், உடன்குடி வழியாகத் திசையன்விளை வரை ஒரு குட்டி ரயில் ஓடியது. குலசேகரன்பட்டினத்தில் இருந்த சர்க்கரை ஆலைக்காகப் போட்ட குறுகிய பாதை. சரக்கோடு சனங்களையும் ஏற்றிக்கொண்டு போனது. 1940 வாக்கில் நின்றுவிட்டது. சாத்தான்குளத்துக்காரர்கள் ரயில் ஏற இன்றும் நாசரேத்துக்குத்தான் போகவேண்டும்.

இப்போது அதே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். வேலை வரும், ஆள் வரும், அதற்கு முன்னால் மனைக்கல் வரும். பனங்காட்டுக்குள் கொடி பறக்க அதிக நாள் ஆகாது. தூத்துக்குடி கற்றுக்கொடுத்ததை நம் சிற்றூர்கள் இப்போதே பிடித்துக்கொள்ள வேண்டும். பஸ் போகும் தெரு எது, நிறுத்தம் எது, மழைத்தண்ணீர் போகும் ஓடை எது என்று காட்டாத மனைப்பிரிவு வரைபடத்துக்கு அனுமதி தரவே கூடாது. அதிகாரிகளுக்குச் சொல்வது இது. மனை பார்க்கக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை: வில்லங்கச் சான்றிதழைக் கேட்கும்போதே, இங்கே முதல் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள்.