விரல் நுனி வித்வான்

கல்யாண ரிசப்ஷனில் முதல் பந்திக்கு இலை போடும் நேரத்தில் அவர் வந்து இறங்குவார். ராத்திரி ஏழரை மணிக்கும் கறுப்புக் கண்ணாடி. கழுத்தில் ஹெட்போன். கக்கத்தில் தோலுறை போட்ட டேப்லெட். பின்னாலேயே இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் கையில் கேமரா, இன்னொருவர் கையில் கேமராவுக்கு வெளிச்சம். பாட்டுப் போட வந்தவர் ஒருவர், அவர் பாட்டுப் போடுவதைப் படம் பிடிக்க வந்தவர்கள் இருவர். இந்தக் கணக்கிலேயே ஆள் பாதி பிடிபட்டுவிடுவார்.

பெற்றோர் வைத்த பெயரை அவர் அடியோடு கைவிடவில்லை. நடுவில் இருக்கும் உயிரெழுத்துகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கடைசியில் ஒரு இஸட்டை ஒட்டிவைத்திருக்கிறார். முன்னால் 'இன்டர்நேஷனல்' என்று ஒரு பட்டம். சிங்கப்பூரில் அத்தை பேரனின் காதுகுத்துக்கு ஒரு தடவை பாட்டுப் போட்டாரே, அதில் கிடைத்தது. கார்டில் 'தென்னிந்தியாவின் நம்பர் ஒன்' என்றும் இருக்கும். எண்ணிப் பார்த்தது யார் என்று கேட்கக் கூடாது.

அவரை மட்டும் குறை சொல்வதும் நியாயம் இல்லை. 'டிஜே மேக்' என்ற ஆங்கில இதழ் ஆண்டுதோறும் வெளியிடும் முதல் 100 டி.ஜே.க்கள் பட்டியலே ரசிகர்களின் ஓட்டில்தான் தயாராகிறது. உலகம் சுற்றும் பெரிய புள்ளிகள்கூட, படம் போட்டு ஓட்டுக் கேட்கிறார்கள். ஆட்டோவில் மைக் கட்டவில்லை என்பதைத் தவிர, வார்டு தேர்தலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

நம்மவரின் கழுத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஹெட்போன் ஒயர் கீழே இறங்கி, சட்டைப் பைக்குள் போய், அங்கேயே தங்கிவிட்டிருக்கும். டி.ஜே.க்கு ஹெட்போன் எதற்கு? கூட்டம் ஒரு பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த பாட்டைத் தான் மட்டும் கேட்டு, அதன் வேகத்தையும் முதல் அடி விழும் இடத்தையும் சரிபார்த்துக்கொள்ளத்தான். அதற்கு ஸ்பீக்கருக்கு ஒரு வழியும் காதுக்கு ஒரு வழியும் வேண்டும். ஆரம்பகால ஐபேடில் இருந்ததோ ஒரே ஓட்டை. விவரம் தெரிந்தவர்கள் இரண்டாகப் பிரியும் ஒயர் ஒன்றை வாங்கி, ஸ்டீரியோவின் ஒரு பக்கத்தை ஸ்பீக்கருக்கும் மறுபக்கத்தைக் காதுக்கும் அனுப்பினார்கள். கையில் காசு இருந்தவர்கள் இரண்டு வழியும் உள்ள கன்ட்ரோலர் வாங்கிக்கொண்டார்கள். நம்மவரிடம் இரண்டும் இல்லை. டேப்லெட்டிலிருந்து கிளம்பும் ஒற்றை ஒயர், நேராக சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்ஸருக்குப் போய்விடுகிறது. ஹெட்போன் அவருக்கு ருத்திராட்சம் மாதிரி. அணிந்தாலே பலன். கேமரா பக்கத்தில் வந்ததும் மட்டும் ஒரு பக்கத்தைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடி, யாருக்கும் கேட்காத எதையோ கேட்பார்.

தொழில் இப்படி ஆரம்பிக்கவில்லை. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் குடியிருப்பில், விடுமுறை முடிந்து பள்ளிகள் திறப்பதை முன்னிட்டு ஒரு பெண் விருந்து வைத்தாள். பெண்களுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50 சென்ட் கட்டணம். பாட்டுப் போட்டவன் அவளுடைய அண்ணன், கூல் ஹெர்க் என்று அறியப்பட்டவன். பாட்டில் வாத்தியங்கள் அடங்கி டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில்தான் கூட்டம் துள்ளுகிறது என்பதை அவன் கவனித்துவைத்திருந்தான். ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வாங்கி, அந்தச் சில விநாடிகளை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டிக் காட்டினான். ஹிப் ஹாப் பிறந்த கதையை இங்கிருந்துதான் சொல்வார்கள். அவனுக்குப் பின் வந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், ரெக்கார்டின் மேல் கிரேயானால் கோடு போட்டு, எத்தனை சுற்றுக்கு ஒரு தடவை அந்த இடம் வருகிறது என்று கணக்குப் பார்த்தார். கிராண்ட் விஸார்ட் தியோடர் சிறுவனாக இருந்தபோது, சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அம்மா வந்து திட்டினாராம். திட்டு முடியும் வரை ரெக்கார்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தான். அதில் எழுந்த 'கிர்ரக் கிர்ரக்' ஓசைதான் 'ஸ்கிராட்ச்' என்ற கலையானது. நம் வீடுகளிலும் அம்மாக்கள் திட்டாமல் இல்லை. நாம்தான் உடனே அணைத்துவிட்டோம்.

டெக்னிக்ஸ் நிறுவனத்தின் எஸ்.எல். 1200 மார்க் 2 என்ற, ரெக்கார்டு ஓட்டும் சுழல்மேடை 1979-இல் வந்தது. ஒன்று சுமார் 12 கிலோ. இரண்டு வேண்டும். கூடவே ரெக்கார்டு பெட்டிகள். ஓரத்தில் இருக்கும் தள்ளுபட்டையை நகர்த்தினால் பாட்டின் வேகம் 8 சதவீதம் வரை கூடும், குறையும். இரண்டு பாட்டின் தாளத்தையும் ஒன்றாகச் சேர்ப்பது காதும் விரலும் பார்க்கிற வேலை, மாதக்கணக்கில் பழக வேண்டும். 2010 ஏப்ரலில் ஐபேட் வந்தது. எடை 680 கிராம். அந்த ஆண்டு டிசம்பரிலேயே 'டிஜே' என்ற செயலி, இரண்டு சுழல்மேடைகளையும் அதன் கண்ணாடிக்குள் வரைந்து கொடுத்துவிட்டது. ரெக்கார்டு தூக்கி முதுகு ஒடிந்தவர்கள் இதை வாழ்த்தத்தான் வேண்டும்.

செயலியில் 'சிங்க்' என்று ஒரு பட்டன் உண்டு. தொட்டால், இரண்டு பாட்டின் வேகத்தையும் தானே எண்ணி, தானே இழுத்து, அடிக்கு அடி பொருத்திவிடும். கம்ப்யூட்டரில் உருவான இன்றைய பாட்டுகளுக்கு இது கச்சிதமாக வேலை செய்யும். சங்கடம், மாப்பிள்ளையின் மாமா மேடைக்கு வரும்போது ஆரம்பிக்கிறது.

"தம்பி, எங்க காலத்துப் பாட்டு ஒண்ணு போடேன்பா."

"அங்கிள், இப்ப போட்டா ஃப்ளோ கெட்டுடும்."

"எது கெட்டுடும்?"

மாமா விடமாட்டார், மொய் எழுதியவர். எண்பதுகளின் பாட்டு ஒன்று ஓட ஆரம்பிக்கிறது. அது ஐம்பது பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசித்தது. மனிதர்கள் வாசித்தால் வேகம் ஒரு மயிரிழை ஏறும், இறங்கும். எந்திரம் போட்டுவைத்த கட்டங்களுக்குள் அது உட்காராது. அடுத்தது குத்துப் பாட்டு என்றால் கேட்கவே வேண்டாம். நம் குத்துத் தாளம் பெரும்பாலும் மும்மூன்றாக நடப்பது. செயலியோ நந்நான்காக எண்ணப் பழகியது. சில சமயம் அது வேகத்தை இரட்டித்தும் எண்ணும், பாதியாக்கியும் எண்ணும். சிங்க் பட்டனை நம்பி இரண்டையும் கலந்தால், ஒரு காலில் செருப்பும் மறுகாலில் ஷூவும் போட்டவன் ஓடுவது போல் ஒரு சத்தம் வரும். சித்தப்பாக்கள் தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பார்கள். நம்மவர் அதையும் சமாளிப்பார். மைக்கைப் பிடித்து "எல்லாரும் கையைத் தூக்குங்க!" என்பார். கை தூக்கியவர்களுக்குக் கால் மறந்துபோகும்.

இன்னும் சில விபத்துகள் உண்டு. பாட்டெல்லாம் இணையத்திலிருந்தே ஓடட்டும் என்று விட்டவர்களுக்கு, மண்டபத்தின் அடித்தளத்தில் சிக்னல் கிடைக்காது. பிற நிறுவனங்களின் டி.ஜே. செயலிகளில் ஸ்பாட்டிஃபை பாட்டுகள் ஓடுவது 2020 ஜூலை 1-ஆம் தேதி முதல் நின்றபோது, சொந்தமாக ஒரு பாட்டுகூட வைத்திராதவர்களின் பெட்டி ஒரே நாளில் காலியானது. சித்திரை வெயிலில் நடக்கும் பகல் நேர ஹல்தி விழா இன்னொரு கண்டம். ஐபேடை 35 டிகிரி வரையிலான சூழலில்தான் இயக்கலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. மே மாதத்து வேலூரில் நிழலே அதைத் தாண்டும். திரையில் வெப்ப எச்சரிக்கை வந்து கருவி படுத்துவிட்டால், "பவர் பிராப்ளம்" என்று பழி ஜெனரேட்டர்காரர் மேல் விழும்.

கனடாவின் டெட்மௌஸ், உலகின் முன்னணி மின்னிசைக் கலைஞர்களில் ஒருவர். பெரிய மேடைகளில் தாங்கள் எல்லோருமே பிளே பட்டனை அழுத்துகிறவர்கள்தான் என்று 2012-இல் வெளிப்படையாக எழுதினார். தங்கள் திறமை வெளிப்படும் இடம் ஸ்டுடியோ, அங்கே உருவாக்கும் இசை என்பதும் அதே பதிவில் இருந்தது. நம்மவர் முதல் பாதியோடு படிப்பதை நிறுத்திக்கொண்டார்.

அந்தக் காலத்து மைக் செட்காரரை நினைத்துப் பார்க்கலாம். கூம்பு ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் கட்டிவிட்டு, ரெக்கார்டு பெட்டியோடு பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். விடியற்காலையில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார். முகூர்த்தம் நெருங்கினால் யாரும் சொல்லாமலே முள்ளை எடுத்துவிட்டு நாயனத்துக்கு வழிவிடுவார். பந்தியில் மெதுவான பாட்டு, பெண்ணை அனுப்பும்போது தொண்டையை அடைக்கும் பாட்டு. அவர் பார்வை ரெக்கார்டில் பாதி, வாசலில் பாதி இருக்கும். பெயர் யாருக்கும் தெரியாது. 'மைக் செட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள், அதற்கும் திரும்பிப் பார்ப்பார்.

அதே இனத்தவர் இன்றும் இருக்கிறார்கள், அதே டேப்லெட்டோடு. பாட்டை முன்கூட்டியே இறக்கி, எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று குறித்துவைத்து, கருவியை விமானப் பயன்முறையில் போட்டு, பக்கத்தில் ஒரு சின்ன மின்விசிறியும் வைத்திருப்பார்கள். பழைய பாட்டு வந்தால் சிங்க்கை அணைத்துவிட்டு விரலால் வேகத்தைத் தாங்கிப் பிடிப்பார்கள். ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று எப்போது வந்தது என்று ஆடுகிறவர்களுக்கே தெரியாது. அவர்களுடைய இன்ஸ்டா பக்கத்தில் கடைசியாக இருப்பது போன தீபாவளி வாழ்த்து. டி.எம்.சி. என்ற டி.ஜே.க்களின் உலகப் போட்டியில் 1997-இல் வென்ற ஏ-டிராக்குக்கு வயது 15. 2017-இல் வென்ற ஜப்பானின் ரெனாவுக்கு 12. அங்கே நடுவர்கள் பார்த்தது கையை.

வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அட்வான்ஸ் கொடுக்கும் முன், டி.ஜே.யின் ரீல்ஸைப் பார்க்க வேண்டாம். அவர் வேறொரு மண்டபத்தில் வாசிக்கும் நாளில் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். எண்பதுகளின் பாட்டிலிருந்து குத்துப் பாட்டுக்கு எப்படிப் போகிறார் என்று கேளுங்கள். அதற்கும் பொறுமை இல்லையென்றால், ஹெட்போன் ஒயர் எங்கே போய் முடிகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.