ஒரு 'பிகேம்', ஐந்து ஸ்பானிஷ்

கேள்வி: 'பிகம்' என்றால் 'ஆகு'. பள்ளிக்கூடத்தோடு முடிந்துபோன பாடம். இதற்கு ஸ்பானிஷ் எதற்கு?

பதில்: டான் குயிக்ஸாட் கதையைப் பாருங்கள். 1605-ல் செர்வாண்டிஸ் வெளியிட்ட முதல் பாகத்தில், வீரக் கதைகளைப் படித்துப் படித்தே நாயகருக்குப் புத்தி பேதலிக்கிறது. உடனே தம்மை ஒரு வீரராகவும் ஆக்கிக்கொள்கிறார். 1615-ல் வந்த இரண்டாம் பாகத்தில், கூடவே அலைந்த சான்சோ பான்சா பராத்தாரியா என்ற 'தீவுக்கு' ஆளுநராகிறார். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் 'பிகேம்' போட்டுவிடலாம்.

ஸ்பானிஷ் அப்படி விடாது. பைத்தியமானதற்கு 'போல்பெர்ஸே': 'திரும்பு' என்ற வினையிலிருந்து வந்தது, ஆளே மாறிப்போனார், அவர் கேட்டு வந்ததல்ல. வீரரானதற்கு 'அசெர்ஸே': இதன் வேர் 'செய்', தாமே முயன்று அப்படி ஆனார். சான்சோவுக்கு 'யெகார் அ செர்', அதாவது அலைந்து திரிந்து ஒருவழியாக அந்த இடத்துக்கு வந்துசேர்ந்தார்.

கேள்வி: கோபத்தில் முகம் சிவந்தால்?

பதில்: 'போனெர்ஸே'. சட்டென்று வந்து சற்று நேரத்தில் போகிற நிலைகளுக்கெல்லாம் இதுதான்.

கேள்வி: பார்வை போய்விட்டால்?

பதில்: 'கெதார்ஸே'. இருக்கும் வினைகளிலேயே மனத்தை அதிகம் தொடுவது இது. அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் 1955-ல் தேசிய நூலகத்தின் இயக்குநரானார். ஏறத்தாழ அதே காலத்தில் படிக்க முடியாத அளவுக்குப் பார்வையை இழந்தார். பதவிக்கும் இருளுக்கும் ஆங்கிலத்தில் ஒரே 'பிகேம்' போதும். 'கெதார்' என்றால் தங்குவது, மிஞ்சுவது. போனது போக மனிதர் எந்த நிலையில் மிஞ்சினார் என்பதையே அந்த வினை பார்க்கிறது. துணையை இழந்தவருக்கும் அதுதான்.

கேள்வி: 'அசெர்ஸே' முயற்சிக்கு என்றால், கிழவராவதற்கு எது? அதற்கு யார் முயற்சி செய்கிறார்கள்?

பதில்: யாரும் செய்வதில்லை, ஆனாலும் அதே 'அசெர்ஸே'தான்! பொழுது இருட்டுவதற்கும் அதுவே. மெல்ல மெல்லத் தானே நடப்பதும் அதில் அடங்கும். விதியை மட்டும் உருப்போடுபவர் இங்கே சறுக்குவார். வாக்கியமாகப் பழகியவர் தப்பிப்பார்.

கேள்வி: இவ்வளவும் படித்தால் ஆங்கிலத்துக்கு என்ன லாபம்?

பதில்: ஆங்கிலத்திலும் 'வென்ட் மேட்', 'டர்ன்ட் ரெட்', 'க்ரூ ஓல்ட்' எல்லாம் இருக்கின்றன. 'பிகேம்' கைவசம் இருப்பதால் பலர் அவற்றைத் தொடுவதில்லை. ஸ்பானிஷ் ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. அந்தப் பழக்கத்தோடு 'ஷி பிகேம் ரிச்' என்ற வரிக்கு வரும் மாணவர், அந்தப் பெண் உழைத்துச் சேர்த்தாரா, லாட்டரி விழுந்ததா என்று அடுத்த வரியில் தேடுவார்.