மோட்டார் பந்தயத்தில் ‘சிறந்த ஓட்டுநர்’ தேர்வு: அளவுகோல்களும் மயக்கங்களும் – ஓர் ஆய்வு

முன்னுரை

சக்கரம் கண்டுபிடிக்கப்பட்ட நாள்முதல் மனிதன் அதை அடுத்தவனைவிட வேகமாக உருட்டப் பார்த்திருக்கிறான். ஓரமாக நின்றிருந்த ஒருவன், “ஜெயிச்சது அவன்தான், ஆனா நல்லா ஓட்டுனது இவன்” என்று அன்றே சொல்லியிருப்பான் என்பது உய்த்துணரப்படும். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் யார் முதலில் வந்தார் என்பதை மின்னணுக் கருவி நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை சொல்லிவிடுகிறது. யார் நன்றாக ஓட்டினார் என்று சொல்லும் கருவி இன்னும் வரவில்லை. அக்குறையைத் தீர்க்கச் சோபாவில் அமர்ந்து தொண்டாற்றும் அறிஞர்களின் முறைமைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருதுகோளும் எல்லையும்

பார்வையாளர் முதலில் ஓட்டுநரைத் தேர்கிறார்; அளவுகோலைப் பிறகு தேடுகிறார் என்பது கருதுகோள். ஃபார்முலா ஒன் மட்டுமே ஆய்வெல்லை. ஓட்டுநர்களின் கருத்துகள் சான்றாகக் கொள்ளப்படவில்லை. வண்டி ஓட்டுவதில் மும்முரமாக இருந்தமையால் அவர்கள் பந்தயத்தைச் சரியாகப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

இயல் 1: முடித்த இடமே சான்று

முந்தி வந்தவரே சிறந்தவர் என்பர் ஒரு சாரார். எளிமை இக்கொள்கையின் சிறப்பு. சண்டை போட இடம் தராதது இதன் பெருங்குறை. இதை 2005 ஜூன் 19 அன்று இண்டியானாபொலிஸில் நடந்த அமெரிக்க கிராண்ட் பிரீயில் பொருத்திப் பார்க்கலாம். அத்தளத்தின் சாய்வான வளைவை மிஷலின் டயர்கள் தாங்குமா என்ற அச்சத்தில், அவற்றை மாட்டியிருந்த 14 வண்டிகளும் முன்னோட்டச் சுற்று முடிந்ததும் ‘பிட்’ எனப்படும் டயர் மாற்றும் இடத்துக்குள் புகுந்துகொண்டன. மீதி 6 வண்டிகள் பந்தயம் ஓடின. கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவருக்குக் கிடைத்த முதல் புள்ளிகள் அவை. ‘கிராண்ட் பிரீயில் நான்காமிடம்’ என்பதும் உண்மை. ‘ஆறு பேரில் நான்காமிடம்’ என்பதும் உண்மை. ‘ஜோர்டான் அணியின் இருவரில் இரண்டாமவர்’ என்பதும் உண்மை. இம்மூன்றில் எதை எடுத்தாள்வது என்பது ஆய்வாளரின் வீடு அவிநாசி சாலைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இயல் 2: தாண்டிய தொகை

புறப்பட்ட இடத்திலிருந்து முடித்த இடத்தைக் கழிப்பது இரண்டாம் முறை. 1983இல் லாங் பீச்சில் ஜான் வாட்சன் 22ஆம் இடத்தில் புறப்பட்டு வென்றார். அவ்வளவு பின்னாலிருந்து வந்து ஒரு கிராண்ட் பிரீயை வென்றவர் வேறு எவருமில்லை. அவருடைய மெக்லாரன் அணித்தோழர் நிக்கி லௌடா 23இல் புறப்பட்டு இரண்டாவதாக வந்தார். கழித்துப் பார்த்தால் இருவருக்கும் 21. வென்றவரும் தோற்றவரும் சரிசமம் என்கிறது கணிதம். முதலிடத்தில் புறப்பட்டு முதலிடத்திலேயே முடித்தவருக்கோ சுழி. எனவே இம்முறையில் பேர் வாங்க விரும்பும் ஓட்டுநர் சனிக்கிழமை தகுதிச் சுற்றில் சொதப்பியாக வேண்டும்.

இயல் 3: கடிகாரம் பொய் சொல்லாது

ஒரு சுற்றை யாவரினும் வேகமாக ஓட்டியவரே சிறந்தவர் என்பது மூன்றாம் முறை. 1954இல் அதிவேகச் சுற்றுக்கு 1 புள்ளி உண்டு. சில்வர்ஸ்டோனில் அவ்வாண்டு நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயில் நேரத்தை முழு நொடிகளில்தான் குறித்தார்கள். 7 பேர் ஒரே நேரத்தில் சுற்றியதாகக் கணக்கு வந்தது. ஆளுக்கு ஏழில் ஒரு பங்கு புள்ளி கொடுத்துப் பிரச்சினையைத் தீர்த்தார்கள். கடிகாரம் பொய் சொல்லவில்லை. பாதியில் வாயை மூடிக்கொண்டது.

1993இல் டோனிங்டனில் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. ஈரத்தளத்தில் ஷூமாக்கர், வெண்ட்லிங்கர், ஹில், புரோஸ்ட் நால்வரையும் ஐர்ட்டன் சென்னா முதல் சுற்றிலேயே தாண்டியதை இன்றும் வியக்கிறார்கள். ஆனால் அப்பந்தயத்தின் அதிவேகச் சுற்று வேறு. பிட்டுக்குள் வந்த சென்னா நிற்காமல் நேரே வெளியேறிய சுற்று அது. பிட் பாதையில் அப்போது வேகக் கட்டுப்பாடு இல்லை. பாதையும் குறுக்குவழியாக அமைந்திருந்தது. ஆக, தளத்திலேயே வேகமான சுற்று என்பது முழுவதும் தளத்தில் ஓடாத சுற்று.

இயல் 4: தோற்றவரே தலைவர்

1967இல் மோன்சாவில் ஜிம் கிளார்க் டயர் பஞ்சராகி ஒரு முழுச் சுற்று பின்தங்கினார். அந்தச் சுற்றை மீட்டு, மற்றவர்களைப் பிடித்து, மறுபடி முதலிடத்துக்கும் வந்தார். கடைசிச் சுற்றில் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏறாமல் மூன்றாமிடத்தில் முடித்தார். வென்ற ஜான் சர்டீஸைப் பற்றி, தோற்றவரையே தலைவராகக் கொள்ளும் பள்ளியினர் பேசுவதே இல்லை. உணர்ச்சி வகையில் இதைவிட வலுவான கொள்கை கிடையாது. பெட்ரோல் தீர்ந்து நின்றவர்கள் எல்லோரும் இதன்கீழ் உரிமை கோருவார்கள் என்பதே இடர்.

மறுப்பும் விடையும்

‘ஓடியது வண்டி, புகழ் ஓட்டுநருக்கா?’ என்று வினவுவோர்க்கு, ஒரே வண்டி ஓட்டும் அணித்தோழரோடு ஒப்பிடுக என்பது மரபான விடை. 2020 சாகிர் கிராண்ட் பிரீயில் ஹாமில்டனுக்குப் பதிலாக மெர்சிடிஸில் ஏறிய ஜார்ஜ் ரஸல் முன்னணியில் ஓடினார். பிட்டில் அவர் வண்டிக்கு அணித்தோழர் போட்டாஸின் டயர்களை மாட்டிவிட்டார்கள். பிறகு பஞ்சரும் ஆனது. ரஸல் 9ஆம் இடம். போட்டாஸ் 8ஆம் இடம். எனவே அன்று போட்டாஸே சிறந்தவர். இம்முடிவை ஏற்கும் அறிஞர் எவரையும் களத்தில் காண இயலவில்லை.

இயல் 5: மகேசன் தீர்ப்பு

2016 முதல் ‘நாளின் சிறந்த ஓட்டுநர்’ யார் என்பதை ரசிகர்களே வாக்களித்துத் தேர்கிறார்கள். 2024 சிங்கப்பூரில் லாண்டோ நாரிஸ் 20 நொடிகளுக்கு மேல் முந்தி வென்றார். டேனியல் ரிக்கியார்டோ 18ஆவதாக, ஓடி முடித்தவர்களில் கடைசியாக வந்தார். கடைசி நேரத்தில் புது டயர் மாட்டி அதிவேகச் சுற்றையும் அவரே ஓட்டினார். அது அவருடைய கடைசிப் பந்தயமாக இருக்கும் என்ற பேச்சு பரவியிருந்தது. ரசிகர்கள் அவரையே தேர்ந்தார்கள். பிரியாவிடைக்கு மாலை போடுவதையும் மதிப்பெண் போடுவதையும் மக்கள் ஒரே விரலால் செய்துவிட்டார்கள்.

முடிபு

பிடித்த வரன் அமைந்துவிட்டால் ஜோசியர் எப்படியும் பத்துப் பொருத்தத்தையும் கொண்டுவந்துவிடுவார். இங்கும் அதுவே நடைபெறுகிறது. நம்மவர் வென்றால் இயல் 1. பின்னாலிருந்து வந்தால் இயல் 2. வண்டி நின்றுபோனால் இயல் 4. ஒன்றும் தேறாவிட்டால் டயர். கருதுகோள் நிறுவப்பட்டது.

இதற்கு ஒரே பரிகாரம் உண்டு. புறப்பாட்டு விளக்குகள் அணையும் முன்பே ஒவ்வொரு பார்வையாளரும் தம் அளவுகோலைத் தாளில் எழுதி, உறையிலிட்டு, பந்தயத்தில் துளியும் ஆர்வமில்லாத ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இத்தகுதியுள்ளவர் சமையலறையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பொறுப்பையும் ஏற்க அவர் மறுத்துவிட்டார்.

மேலாய்வுக்குரிய களங்கள்

1. திரைக்கு முன் அமர்ந்து இல்லாத பிரேக்கை மிதிப்போரின் வலது கால்.
2. பிடித்தவர் மோதினால் ‘பந்தய விபத்து’, பிடிக்காதவர் மோதினால் ‘திமிர்’: ஓர் ஒப்பாய்வு.
3. லைசென்ஸுக்கு எட்டுப் போட முடியாமல் மூன்று முறை திரும்பி வந்தவர்கள் ஹாமில்டனுக்கு வளைவில் திரும்பச் சொல்லித்தரும் மரபு. இக்களத்துக்குத் தகவலாளர் பஞ்சம் வராது.