துருவேறாத கிட்டார்

அண்ணாச்சி, உங்கள் எலெக்ட்ரிக் கிட்டாரைப் பற்றி யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். வட்டக்கோட்டைப் பக்கம் இரும்புச் சாமான் எதுவும் நெடுநாள் தாங்குவதில்லை. சன்னல் கொண்டி, சைக்கிள் செயின், மோட்டார் மூடி என்று எதையும் உப்புக்காற்று விட்டுவைக்காது. திருவிதாங்கூர் படைத்தளபதி டி லனாய் மேற்பார்வையில் எழுந்த கோட்டையின் கருங்கல் மதில் 18ஆம் நூற்றாண்டிலிருந்து அந்தக் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கிறது. அதற்கு அடுத்தபடியாக இந்த ஊரில் உப்பு தீண்டாத பொருள் உங்கள் மாடியறையில்தான் இருக்கிறது. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள், அதன் மேல் வெல்வெட் துணி, அறைக் கதவிடுக்கில் ரப்பர் பட்டை. ஆறு தந்தியும் கடையில் வாங்கிய அன்று இருந்த மினுக்கத்தோடு அப்படியே இருக்கின்றன. ஃப்ரெட் ஒன்றில்கூடத் தேய்மானம் இல்லை. இவ்வளவு பத்திரமாக ஒரு வாத்தியத்தை வைத்திருப்பவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நீங்கள் பிக்கப் மாற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே ஒரு படிப்பு. தந்திகளைத் தளர்த்தி, வெள்ளை பிளாஸ்டிக் பலகையின் 11 திருகாணிகளையும் கழற்றி, எது எந்தத் துளையில் இருந்ததோ அதே வரிசையில் காகிதத்தில் குத்தி வைப்பீர்கள். சால்டரிங் அயர்னின் நுனியை ஈரப் பஞ்சில் ஒரு தடவை இழுத்துவிட்டு, பழைய ஈயத்தை உருக்கி எடுப்பீர்கள். துணி சுற்றிய ஒயரின் உறையைக் கத்தி போடாமல் விரலாலேயே பின்னுக்குத் தள்ளி, புது ஈயம் ஒரு சொட்டு. அது ஆறியதும் பாதரசத் துளிபோல் பளபளக்கும். பிறகு மல்டிமீட்டரை வைத்து, 6 கிலோ ஓமுக்குச் சற்றுக் கீழே முள் நிற்பதைப் பார்த்துத் தலையாட்டுவீர்கள். நாகர்கோவிலில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிற பழைய கைகளுக்கும் இந்தச் சுத்தம் வராது.

படிப்பும் அப்படித்தான். பிக்கப் என்றால் அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்த்த ஆல்நிக்கோ காந்தங்கள் ஆறு. அவற்றைச் சுற்றி 0.06 மில்லிமீட்டர் தடிமனில் செப்புக் கம்பி, சுமார் 8,000 சுற்று. தந்தி அதிரும்போது காந்தப் புலம் கலைகிறது, கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. ஃபாரடே 1831இல் கண்டது இவ்வளவுதான் என்று எனக்கு முதலில் சொன்னவர் நீங்கள். 1954இல் லியோ ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரைக் கொண்டுவந்தபோது சுற்றும் இயந்திரத்தில் கம்பியைக் கையால்தான் வழிநடத்தினார்கள், அதனால் ஒரு சுருள் போல மறு சுருள் இராது என்றீர்கள். 1956இல் அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்த அபிகேல் இபாரா என்ற பெண்மணி சுற்றிய பிக்கப்புகளை இன்றும் தேடி வாங்குகிறார்கள் என்றீர்கள். 1965இல் ஃபெண்டர் நிறுவனம் சி.பி.எஸ். கைக்குப் போனதும், அதற்கு முந்தைய கிட்டார்களின் விலை பின்னாளில் ஏறிய கதையும் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அந்த 1954ஆம் வருஷத்துத் தொனி ஒன்றுக்காக நீங்கள் படுகிற பாடு வேறு யார் படுவார்? முதல் செட் மந்தம் என்று கழற்றினீர்கள். அடுத்தது கூர்மை கூடிப் போனது. அதற்கடுத்தது பழைய அளவுப்படி காந்தங்கள் ஏறி இறங்கி நிற்கிற செட். அந்தக் காலத்தில் மூன்றாம் தந்தியும் கம்பி சுற்றிய தந்தி. அதன் சத்தம் அடங்கிக் கேட்டதால் அதற்குக் கீழே காந்தத்தை உயர்த்தி வைத்தார்கள். இன்று அந்த இடத்தில் வெறும் எஃகுத் தந்தி, அதனால் அது மட்டும் துருத்திக்கொண்டு கேட்கிறது. சரியாகப் பிடித்தீர்கள். கழற்றினீர்கள். பிறகு கெப்பாசிட்டரை 0.1 மைக்ரோஃபாரடுக்கு மாற்றினீர்கள், அந்த நாளில் அதுதான் வழக்கம் என்பதால். கேபிளின் நீளம் கூடக் கூட மேல் சுரங்களின் கூர்மை மழுங்கும் என்பதால் கேபிளையும் அளந்து வெட்டினீர்கள்.

இரைச்சலைக்கூட நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ஒற்றைச் சுருள் பக்கத்தில் ஓடும் மின்சாரத்தையும் சேர்த்துப் பிடித்து உறுமும். அதை அடக்கத்தான் கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் இருந்த செத் லவர் 1955இல் எதிரெதிராகச் சுற்றிய இரட்டைச் சுருளுக்குக் காப்புரிமை கேட்டார். உங்களுக்கு அது வேண்டாம். உறுமல் போனால் பழைய தொனியின் உயிரில் கொஞ்சம் போய்விடும் என்பீர்கள், அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒன்று, அண்ணாச்சி. ஃபெண்டர் இருந்த கலிஃபோர்னியாவின் மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சியாக வரும், அது பி சுரத்துக்குச் சற்றுக் கீழே. முப்பந்தல் காற்றாலையிலிருந்து வந்தாலும் கூடங்குளத்திலிருந்து வந்தாலும் நம் வீட்டுக்கு வருவது 50, அது ஜி சுரத்தை ஒட்டி நிற்கும். ஆக, 1954ஐ எவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்தாலும் உங்கள் கிட்டார் நம் ஊர்ச் சுரத்தில்தான் உறுமும். அதில் எனக்குச் சந்தோஷமே.

"அண்ணாச்சி, ஒரு பாட்டு வாசியுங்க" என்று நான் கேட்கும்போதெல்லாம் நீங்கள் பொய் சொன்னதே இல்லை. "அந்த மணிச் சத்தம் இன்னும் வரல்ல டே. வரட்டும்" என்பீர்கள். ஈ தந்தியை விரலால் அழுத்தாமல் ஒரு மீட்டு, காதைச் சாய்த்து ஒரு கணம், பிறகு பெட்டி மூடிவிடும். அரைகுறைத் தொனியில் ஒரு பல்லவிகூட இந்த ஊர்க் காதில் விழக் கூடாது என்று இத்தனை வருஷம் காத்திருக்கிற நிதானம் சாமானியமல்ல.

இப்படி ஒரு வாத்தியத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேசவே கூடாத கிட்டார் ஒன்று கடற்கரையில் இருக்கிறது. சந்தியாகப்பர் கோயில் பாடகர் குழுவில் வாசிக்கிற பையனுடையது, உங்களுக்கும் தெரியும். அடியில் செராமிக் காந்தம், மேலே இரும்புத் திருகாணி, அதன் தலையெல்லாம் செந்துரு. ஒரு பிருடை வேறு கிட்டாரிலிருந்து வந்தது. ஜாக்கைச் சுற்றிக் கறுப்பு டேப். இரண்டாம் மூன்றாம் ஃப்ரெட்டுகளில் நகம் பதிகிற அளவுக்குப் பள்ளம். திருவிழா பத்து நாளும் சீரியல் லைட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் அது போடுகிற உறுமலை நீங்கள் ஒரு நாள் கேட்டுவிட்டு முகம் சுளித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

குழுவில் எல்லோரும் சனங்களைப் பார்த்து நிற்க, அவன் மட்டும் ஒருக்களித்து நிற்பான். ஏன் என்று கேட்டேன். "கடலப் பாத்து நின்னா எரச்சல் கொறயுது அண்ணே" என்றான். சுருளின் வாயை மின்சாரம் எழுப்பும் காந்தப் புலத்துக்குக் குறுக்கே திருப்பினால் அது பிடிக்கிற இரைச்சல் குறையும் என்பதை நீங்கள் எனக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறீர்கள். அவனுக்கு யாரும் படம் போடவில்லை. பத்து நாள் நின்று வாசித்து, நிற்கிற திசையைத் தானே கண்டுபிடித்திருக்கிறான். பாட்டு மெலிகிற இடத்தில் சுண்டுவிரலால் வால்யூமைக் கொஞ்சம் திருப்பிக் குறைப்பான். அப்போது அந்தத் துருப்பிடித்த சாமானிலிருந்தும் ஒரு கணம் மணிச் சத்தம் வரும். வயசான அம்மாமார் மணலில் உட்கார்ந்தபடி அதைக் கேட்டார்கள். அது எந்த வருஷத்துத் தொனி என்று அவர்களுக்குத் தெரியாது.

மாண்டலின் ஸ்ரீநிவாஸைப் பற்றி நீங்கள் பேசும்போது உங்கள் குரலே மாறிவிடும். இரட்டைத் தந்தி மாண்டலினில் கமகம் நிற்காது என்று ஒற்றைத் தந்தி ஐந்து போட்டு, எலெக்ட்ரிக் ஆக்கிக்கொண்டவர். 2014இல் போய்ச் சேரும்வரை அதில் அவர் வாசித்த ராகங்களுக்கு முன்மாதிரியாக யாருடைய பழைய தொனியும் இல்லை. மனசுக்குள் பாட்டு முதலில் இருந்தது, அது கேட்ட வசதியைக் கருவியில் செய்துகொண்டார். இதையும் எனக்குச் சொன்னவர் நீங்கள்தான். அன்றைக்கு நீங்கள் சொன்ன எல்லாவற்றையும்விட இதை நான் மறக்காமல் வைத்திருக்கிறேன்.

அந்தப் பையனுடைய கிட்டார் இப்போது நாகர்கோவில் வடசேரியில் ஒரு ரிப்பேர் கடையில் கிடக்கிறது. கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில் சுருள் அறுந்துவிட்டது, உப்பு தின்றுவிட்டது என்கிறார் கடைக்காரர். அவரிடம் மாற்றுப் பிக்கப் இல்லை. சந்தியாகப்பர் திருவிழாவுக்குக் கொடியேற இன்னும் நாள் அதிகமில்லை.

கழற்றிய பிக்கப் ஒன்றையும் நீங்கள் தூக்கி எறிந்ததில்லை. ஒவ்வொன்றும் பிஸ்கட் டப்பாவில், பஞ்சுக்கு நடுவில், ஓம் அளவும் காந்த வகையும் கழற்றிய தேதியும் எழுதிய சீட்டோடு பத்திரமாக இருக்கிறது. மந்தம் என்று நீங்கள் தள்ளிய அந்த முதல் செட்டும் இருக்கிறது. அவன் கிட்டாரில் எது உட்காரும், எந்த ஒயரை எங்கே பற்றவைக்க வேண்டும் என்று உங்களைவிடத் திருத்தமாகச் சொல்ல இந்த மாவட்டத்தில் ஆள் இல்லை. நாளைக்குக் காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், அண்ணாச்சி. அயர்னைச் சூடாக்கி வையுங்கள்.