எடை அல்ல, நீளம்!

கேள்வி: பெரிய துளை ரைபிளில் தோட்டா கனமானால், குழலுக்குள் இருக்கும் பள்ளங்களின் முறுக்கும் கூட வேண்டுமாமே?

பதில்: பாதி உண்மை. முறுக்கைக் கேட்பது தோட்டாவின் எடை அல்ல, நீளம். 1857-ல் இங்கிலாந்தின் ஹைத் நகரில் என்ஃபீல்டு, விட்வொர்த் ரைபிள்கள் மோதின. இரண்டுக்கும் 530 கிரெயின் எடைத் தோட்டாதான். என்ஃபீல்டின் துளை 0.577 அங்குலம், தோட்டா குட்டை, குண்டு. 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று போதுமென்று விட்டிருந்தார்கள். விட்வொர்த்தின் துளை 0.451 அங்குலம், அதே எடை ஒல்லியாக நீண்டதால் 20 அங்குலத்துக்கே ஒரு சுற்று. தொலைதூரத்தில் ஜெயித்தது ஒல்லிதான்!

துளை மாறாமல் எடை கூடினால் நீளமும் கூடும். அதனால்தான் எடையைச் சொல்லிப் பழகிவிட்டோம். 1879-ல் கணிதவியலாளர் கிரீன்ஹில் தந்த கணக்கு எளிது: தோட்டாவின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, 150-ஆல் பெருக்கி, நீளத்தால் வகுங்கள். எல்லாமே அங்குலத்தில். வருவதுதான் ஒரு சுற்றுக்கான அங்குலம்.

முறுக்கு போதாவிட்டால் தோட்டா ஓயப்போகும் பம்பரமாகத் தள்ளாடும். இலக்குக் காகிதத்தில் வட்ட ஓட்டைக்குப் பதில் நீளக் கிழிசல் விழும். அதைப் பார்த்தால் துப்பாக்கியைத் திட்டாதீர்கள், குட்டைத் தோட்டாவுக்கு மாறுங்கள்.