லோகோ மச்சான்

கல்யாண வீட்டில் ஆளுக்கொரு பொறுப்பு உண்டு. பந்திக்கு ஒரு பெரியப்பா, மொய் நோட்டுக்குக் கையெழுத்து அழகாக இருக்கும் ஒரு சித்தப்பா, ஐயரை ஏற்றி வர பைக் வைத்திருக்கும் ஒரு பையன். சின்னசேலத்தில் இப்போது புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார், லோகோ மச்சான். மாப்பிள்ளை பெயரின் முதல் எழுத்தையும் பொண்ணு பெயரின் முதல் எழுத்தையும் பின்னி, ரிசப்ஷன் கேக்கின் உச்சியில் ஏற்றி வைப்பது இவர் வேலை. யாரும் கொடுத்ததில்லை, தானாக எடுத்துக்கொண்டது.

பெரும்பாலும் அத்தை மகனாக இருப்பார். பெங்களூரில் ஏதோ கம்பெனி. முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பே லேப்டாப்போடு வந்து இறங்கிவிடுவார். வாழைமரம் கட்டக் கூப்பிட்டால், "ஃபைல் சேவ் ஆகிட்டிருக்கு மாமா" என்பார். லோகோ என்றால் மட்டும் கோபம் வரும். "லோகோ கம்பெனிக்கு மாமா. இது மோனோகிராம்." மாமாவுக்குத் தெரிந்த ஒரே கிராம் நகைக்கடை கிராம். அதுவும் அந்த வாரம் ஏறியிருக்கும்.

முதல் சண்டை யார் எழுத்து முன்னால் என்பதில். மாப்பிள்ளை எழுத்தை முன்னால் போட்டால், "கேக்குக்குக் காசு நாங்க குடுக்கிறோம்" என்று பெண் வீட்டிலிருந்து போன் வரும். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் கீழே போன எழுத்தின் தாய்மாமன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சரியென்று ஓர் எழுத்துக்குள் இன்னொன்றைப் பொருத்தினால், "எம்பொண்ண உள்ள போட்டு அடைச்சிட்டீங்களே" என்று சம்பந்தியம்மாள் கண்ணைத் துடைப்பார். பத்திரிகையில் திருவளர்செல்வனும் திருவளர்செல்வியும் பக்கத்தில் பக்கத்தில் பேசாமல் நின்ற காலத்தில் இந்த வம்பு கிடையாது.

அடுத்த சிக்கல் எழுத்துகளே. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எந்தச் சொந்தத்திலும் இருப்பார். "தமிழ்ல போடேன்டா" என்பார். மச்சான் முயலாமல் இல்லை. மாப்பிள்ளைக்கு 'கோ' வந்தது. முன்னால் இரட்டைக்கொம்பு காவல், பின்னால் கால் காவல். பெண்ணின் எழுத்து எந்தப் பக்கம் நுழைவது? பழையபடி ஆங்கிலத்துக்கே திரும்பினார். இன்னொரு வீட்டில் ஆங்கிலத்திலும் விதி விடவில்லை. பையனுக்கு ஈ, பெண்ணுக்கு பி. ஸ்கிரீனை எட்டிப்பார்த்த ஒயர்மேன், "என்ன தம்பி, எங்க ஆபீஸ் ஃபங்ஷனா?" என்று கேட்டுவிட்டார். இதற்கு மச்சானைக் குறை சொல்லி என்ன செய்வது? அசுவினியில் பிறந்தால் சு, சே, சோ, லா என்று பஞ்சாங்கம் வகுத்துவைத்திருக்கிறது. அதை எழுதியவர்கள் கேக்கை நினைக்கவில்லை.

எதிர்ப்பு முற்றினால் லண்டனைத் துணைக்கு அழைப்பார். விக்டோரியா மகாராணி 1840 பிப்ரவரி 10இல் ஆல்பர்ட்டைக் கட்டிக்கொண்டபோது வெட்டிய கேக் சுமார் 300 பவுண்டு, அதாவது 136 கிலோ. அந்தத் தம்பதி பெயரில் அங்கே ஒரு மியூசியம். அதற்கு ஆலன் ஃபிளெட்சர் என்பவர் 1989இல் வரைந்த சின்னத்தில் 'ஏ' எழுத்துக்கு இடதுகாலே கிடையாது. நடுவில் இருக்கும் 'அண்ட்' குறிதான் அந்தக் காலுக்குப் பதில் முட்டுக் கொடுக்கும். மச்சான் கண் மின்ன இதை விளக்கி முடிக்க, கூடத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி, "நல்ல காரியத்துல கால் இல்லாத எழுத்தாடா வைப்ப?" என்றார். எழுத்துக்கு அன்றிரவே கால் முளைத்தது.

உச்சியில் வைக்க அக்ரிலிக் வேண்டாம், மரத்தில்தான் செதுக்க வேண்டும் என்று ஒருமுறை பிடிவாதம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் என்றால் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. அங்கே போய்ப் படத்தைக் காட்டினார். சாமி சிலையும் வாகனமும் செய்தே பழகிய கைகள். சிற்பி தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுப் பணிவாகக் கேட்டாராம், "இது எந்தக் கோயில் சாமிங்க?"

பேக்கரிக்காரர் வேறு ரகம். அவர் எதற்கும் மறுப்புச் சொல்ல மாட்டார். "செஞ்சிரலாம்ணா" என்பார், செய்ய மாட்டார். கச்சிராயபாளையத்தில் ஒன்று, மூங்கில்துறைப்பட்டில் ஒன்று என்று இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கும் மாவட்டம் இது. சர்க்கரைக்குப் பஞ்சமில்லை, குளிர்ச்சிக்குத்தான் பஞ்சம். சித்திரை மாதத்து மண்டபத்தில், போகஸ் லைட்டுக்கு நேர் கீழே, விப்பிங் க்ரீமில் பிழிந்த எழுத்து எவ்வளவு நேரம் நிற்கும்? ஏழு மணிக்குப் பின்னிப் பிணைந்திருந்தவை எட்டு மணிக்கு ஒன்றாகவே கலந்துவிட்டன. தத்துவமாக நன்றாகத்தான் இருந்தது. மச்சான்தான் மேடைக்குக் கீழே டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்.

இந்தப் பக்கம் ரிசப்ஷன் முதல்நாள் சாயந்திரமே நடந்துவிடும். தாலி மறுநாள் காலையில்தான். பாட்டிக்கு அது ஏற்கெனவே உறுத்தல். கத்தியைக் கண்டதும் வெடித்துவிட்டது. "முடிச்சே இன்னும் போடலை. சேத்து எழுதுன பேரை அதுக்குள்ள வெட்டுறீங்களே!" மேடையே உறைந்து நின்றது. போட்டோகிராபர் மட்டும், "அப்படியே இருங்க சார், சூப்பர்" என்றார். மச்சான் பாய்ந்து வந்தார். எழுத்து இருக்கும் தட்டைத் தொடாமல் அடித்தட்டை வெட்டச் சொன்னார். மாப்பிள்ளை அழுத்தினார், கீச்சென்றது. அடித்தட்டு இரண்டும் தெர்மாகோல். தின்னக்கூடிய கேக் என்று இருந்ததே மோனோகிராமுக்கு அடியில்தான்.

கடைசியில் ஓரமாக ஒரு துண்டு வெட்டி ஊட்டினார்கள். எழுத்து தப்பியது. பாட்டி கிட்டே வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை முதல்முறையாக முழுசாகப் பார்த்தார்.

"நடுவுல என்னடா ஓட்டை?"

"ஓட்டை இல்ல பாட்டி, விட்டு வெச்சிருக்கேன். மூணாவது எழுத்துக்கு."

"அது யாரு மூணாவது?"

மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பாட்டிக்கு அப்போதுதான் புரிந்தது. அதுவரை இல்லாத மரியாதையோடு பேரனைப் பார்த்து, "கார்த்திகைன்னா 'ஏ' வரும்டா, கொஞ்சம் அகலமா விடு" என்றார்.