மான் பார்க்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் குடியிருக்கிற பெங்களூர் ஆஸ்டின் டவுன்காரர்களுக்குக் கடல் என்றால் வேளாங்கண்ணிதான். மொட்டை அடித்து, மெழுகுவத்தி ஏற்றி, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஓர் அலையில் நின்று போட்டோ எடுத்து, கரையோரக் கடையில் மீன் வறுவல் தின்றால் கடல் முடிந்தது. விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு வியாழக்கிழமை தவறாமல் போகிறவரும் சரி, அந்தக் கூட்டத்தால் வியாழக்கிழமை தவறாமல் டிராஃபிக்கில் மாட்டிக்கொள்கிறவரும் சரி, வருஷத்தில் ஒருமுறை மாதா கோயிலுக்கு வண்டி கட்டிவிடுவார்கள்.

அந்தப் பயணத்தோடு இன்னும் ஒரு நாளைச் சேர்த்துக்கொண்டு தெற்கே 50 கிலோமீட்டர் சொச்சம் போனால் கோடியக்கரை. வெளிமான், பூநாரை, காட்டில் திரியும் குதிரை, உப்பளம், கடல் எல்லாம் ஒரே இடத்தில். பிள்ளைக்குப் பள்ளியில் ‘நேச்சர் வாக்’ ப்ராஜெக்ட் கொடுத்துவிட்டார்கள் என்றால் வேறு வழியில்லை, போகத்தான் வேண்டும். எப்படிப் போவது என்பதைக் கீழே சொல்கிறேன். சொன்னபடி செய்தால் அங்குள்ள பிராணிகளுக்கு உங்களால் ஒரு தொந்தரவும் இருக்காது. நீங்கள் ஒன்றையும் பார்க்கப் போவதில்லை.

முதல் வேலை, ஆள் சேர்ப்பது. காட்டில் நடக்க அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் போதும் என்று தோன்றும். தோன்றட்டும். ஆஸ்டின் டவுன் வீடுகளுக்கு நடுவே இருப்பது ஒரே சுவர், மாடிப் பரணிலிருந்து பையை இறக்குகிற சத்தத்துக்கே கீழ்வீட்டு ஆன்ட்டி “எப்போ கெளம்பறீங்க?” என்று கேட்டுவிடுவார். அவருக்குத் தெரிந்தால் நீலசந்திராவில் இருக்கும் சித்திக்குத் தெரியும். சித்தி வந்தால் சித்தப்பா. ஆயாவை விட்டுவிட்டு மாதா கோயிலுக்குப் போனால் அது பாவக்கணக்கில் சேரும். வழி தெரிந்தவர் வேண்டும் என்பதற்காக ஈஜிபுரா மாமா. கடைசியில் பதினான்கு சீட் டெம்போ டிராவலர் பேசி, அதிலும் இருவர் பொடியன்களை மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். சாந்திநகர் பஸ் ஸ்டாண்டு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, தமிழ்நாட்டுக்கு விரைவுப் பேருந்து அங்கேயே கிடைக்கிறது என்று யாராவது எடுத்துச் சொன்னால், அவரைப் பட்டியலிலிருந்து நீக்கி இடத்தை மிச்சப்படுத்தலாம்.

அடுத்தது, தேதி. வலசைப் பறவைகள் அக்டோபரில் வரத் தொடங்கி, நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை நிறைந்து கிடக்கும். நம் குடும்பங்களுக்குத் தோதான தேதிகள் வேறு. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. அப்போது போனால் பூநாரைக் கூட்டம் வந்து சேர்ந்திருக்காது. தசரா விடுமுறையில் போனால் வடகிழக்குப் பருவமழை நமக்கு முன்னால் போய் இடம் பிடித்திருக்கும். ஏப்ரல், மே பெரிய விடுமுறையில் பறவைகள் ஊர் திரும்பியிருக்கும், வெயில் மட்டும் நமக்காகக் காத்திருக்கும். பள்ளிக்கூடக் காலண்டர் போட்டவர்கள் பறவைகளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மிச்சமிருப்பது கிறிஸ்மஸுக்கும் புது வருஷத்துக்கும் நடுவே உள்ள நாலு நாள். எல்லா வகையிலும் சரியான காலம். ஆகவே மாமாவுக்கு அப்போது லீவு கிடைக்காது.

எப்படியோ கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காலை நாலு மணிக்குப் புறப்படுவதாக முடிவு செய்து ஆறேகாலுக்குப் புறப்படுங்கள். ஏறக்குறைய 500 கிலோமீட்டர். சித்ரான்னம் ஒரு டப்பா, கார பன் இரண்டு டஜன், காங்கிரஸ் கடலை அரை கிலோ எடுத்துக்கொண்டால் ஓசூர் எல்லையில் பெர்மிட் போடுவதற்குள் எல்லாம் தீர்ந்துவிடும். மிச்ச வழி சேலம், திருச்சி, தஞ்சாவூர். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, யாராவது ஒருவர் வாந்தி எடுப்பார்.

உடை விஷயத்தில் வனத்துறைக்காரர்கள் சொல்வது, காட்டின் நிறத்தோடு கலந்துபோகிற மங்கலான காக்கி, பச்சை. ஆஸ்டின் டவுன் பையனுக்கோ ஊருக்குப் போகிற சட்டை என்றால் ஃபுட்பால் ஜெர்ஸி. பிரேசில் மஞ்சளில் நாலு பேர், அர்ஜென்டினாவில் இரண்டு பேர், நந்தன் கிரவுண்டில் போன மாதம் ஆடிய டோர்னமென்ட்டின் ஆரஞ்சு நிறத்தில் ஒருவன். இந்த அணியைக் கண்டு எந்த மானும் ஏமாறாது. சித்தி ஜரிகைப் புடவையில் வருவார். கோயிலுக்குக் கட்டியதை ஒருநாள் காட்டுக்கும் கட்டினால் என்ன என்பது அவர் கட்சி.

இனி, நேரம். வெளிமான் விடியற்காலையிலும் மாலை நாலு மணிக்கு மேலும்தான் புல்வெளிக்கு வரும். கோடியக்காட்டில் வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது. முன்கூட்டியே கேட்டு வைத்தால், காட்டு வாசலிலேயே தூங்கி எழுந்து சூரியனோடு உள்ளே போகலாம். நீங்கள் வேளாங்கண்ணியில் லாட்ஜ் எடுத்து, அத்தனை பேரும் ஒரே குளியலறையில் குளித்து முடித்து, இட்லி சாப்பிட்டு, சித்தப்பாவுக்காகக் காத்திருந்து, பகல் பன்னிரண்டரைக்குச் சரணாலயத்துக்குப் போய்ச் சேருங்கள். அந்த நேரத்தில் காட்டில் நடமாடுகிற ஒரே பாலூட்டி நீங்கள்தான்.

வழியில் அகஸ்தியம்பள்ளியில் ஒரு நினைவுத் தூண் வரும். மாமாவிடம் அதைக் காட்டாதீர்கள். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் நூறு பேர் அளவில் திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கி, 240 கிலோமீட்டர் வந்து, 30-ஆம் தேதி உப்பு அள்ளிய இடம் அது. வழிநெடுக அவர்களுக்குச் சோறு போடக் கூடாது, தங்க இடம் தரக் கூடாது என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஊர்க்காரர்கள் யாரும் பரிமாறவில்லை. பொட்டலம் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுவிட்டுப் போனார்கள். நடந்தவர்கள் பறித்துச் சாப்பிட்டார்கள். இதையெல்லாம் பிள்ளைகளுக்கு நீங்கள் உருக்கமாகச் சொல்லி முடித்ததும், பார்வைக் கோபுரம் முந்நூறு மீட்டர் தூரத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு மாமா கேட்பார்: “வண்டி அதுவரைக்கும் போகாதாமா?”

பொட்டலத்தைக் கிளையில் மாட்டுகிற யோசனையைப் பிள்ளைகள் செய்து பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது அந்தக் கிளைகளுக்குக் குரங்குகள் பொறுப்பு. கோடியக்கரைக் குரங்குக்குக் கைப்பை, கேரி பேக், லஞ்ச் பாக்ஸ் மூன்றுக்கும் ஜிப் எங்கே இருக்கிறது என்று தெரியும். பையை மார்போடு அணைத்துக்கொண்டால் உள்ளே விலையுயர்ந்தது இருக்கிறது என்றும் தெரிந்துகொள்ளும்.

முதலில் கண்ணில் படுவது குதிரைகள். குட்டையாக, பிடரி கலைந்து, யாரையும் சட்டை செய்யாமல் சாலையோரம் மேயும். “இதப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்? ரேஸ் கோர்ஸுக்குப் போயிருந்தா இருபது ரூபா ஆட்டோ!” என்பார் சித்தப்பா. (இருபது ரூபாய்க்குப் பெங்களூரில் ஆட்டோ வந்த காலத்தை அவர் இன்னும் விடவில்லை.) ஒரு காலத்தில் யாரோ வளர்த்து விட்டுப்போன குதிரைகளின் வம்சம் அவை, காடு தின்று காடாகிவிட்டன. சரணாலயம் 1967-இல் அறிவிக்கப்பட்டதே வெளிமானுக்காக. அந்த மான் தின்ன வேண்டிய புல்லை ஒரு பக்கம் குதிரை தின்கிறது, இன்னொரு பக்கம் புல் முளைக்கிற இடத்தையே சீமைக்கருவேலம் தின்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்துப் பக்கம் கரையேறியபோது விழுந்த மரங்களும் செத்த பிராணிகளும் தனிக் கணக்கு. சித்தப்பாவுக்கு இதை விளக்கலாம். அவர் அதற்குள் வண்டியில் ஏறியிருப்பார்.

பிறகு ராமர் பாதம். இலங்கை இருக்கும் திசையைப் பார்த்து ராமர் நின்ற இடம் என்று ஐதிகம். ஒரு மணல்மேடு, மேலே சிறு மண்டபம். இந்த வட்டாரத்திலேயே உயரமான இடம். உயரம் சுமார் 4 மீட்டர். 900 மீட்டரிலிருந்து இறங்கி வந்த நம் ஆட்கள் இதில் ஏறுவதற்கு மூன்று முறை உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்கள். மேலே நின்றால் காட்டின் தலை தெரியும்: பாலை மரங்கள், கோடையிலும் இலை உதிர்க்காத வறண்ட காடு, தள்ளி ஒரு கோடாகக் கடல். இங்கே பத்து நிமிஷம் பேசாமல் இருக்கலாம். மாமாவுக்கு அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கர் போனில் அழைப்பு வரும்.

காலேஜில் படிக்கிற அக்கா மகள் வந்திருந்தால் அவள் தேடுவது ‘பொன்னியின் செல்வன்’ பூங்குழலியை. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதியதில் படித்தவர்களும், பிறகு படத்தில் பார்த்தவர்களும் இங்கே படகையும் கலங்கரை விளக்கத்தையும் விசாரிப்பது வழக்கம். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் மிச்சத்தை 2004 சுனாமி கொண்டுபோய்விட்டது. சேற்றுப் பக்கம் மட்டும் யாரையும் இறங்க விடாதீர்கள். நாவலில் வந்தியத்தேவனைக் கைகொடுத்துத் தூக்கிவிட ஆள் இருந்தது. உங்களுக்கு சித்தப்பாதான் இருக்கிறார்.

பூநாரைக்குப் போவோம். உப்பளத்தையும் சதுப்பையும் ஒட்டி, வெகு தூரத்தில், தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு விளிம்பு தெரியும். அதுதான். உவர்நீரில் இருக்கிற பாசியையும் நுண்ணுயிர்களையும் தலையைக் கவிழ்த்து வடிகட்டித் தின்று அந்த நிறம் ஏறுகிறது. பைனாகுலர் ஒன்றுதான் இருக்கும். அதை முதலில் மாமா வாங்கி, திருப்பிப் பிடித்து, “ரொம்பச் சின்னதா இருக்கு” என்று தீர்ப்புச் சொல்வார். பிறகு அது ஆயாவிடம் போகும். ஆயா அதில் வெகுநேரம் பார்த்துவிட்டு, உப்பு வாருகிற அம்மாவுக்குச் செருப்பில்லை என்று சொல்வார். குழுவில் உருப்படியாக எதையாவது பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

பூநாரையைப் பார்க்கிற மும்முரத்தில், காலடியில் ஓடுகிற சின்னப் பறவைகளைக் குருவி என்று தள்ளிவிட வேண்டும். கொசு உள்ளான் என்று பெயர். ஒரு கைப்பிடிக்குள் அடங்கும், முப்பது கிராம்கூடத் தேறாது. சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டு, குளிருக்கு இங்கே வந்து சேற்றில் குத்திக் குத்தித் தின்கிறது. இப்படி வருகிறவற்றைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டு, எங்கிருந்து வருகின்றன என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே கணக்கெடுத்திருக்கிறார்கள். சாலிம் அலி வந்து நின்ற கரை இது. ஓசூர் தாண்டியதற்கே இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள் அந்தப் பறவையைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கலாம். 2002-இல் இந்த ஈரநிலம் ராம்சார் பட்டியலில் ஏறியதும் இவற்றை நம்பித்தான்.

மதியச் சாப்பாடு முக்கியம். காட்டுக்குள் வேண்டாம், வெளியே வந்து சாப்பிடுங்கள், இலையும் பாட்டிலும் அங்கே விழக்கூடாது. பிரியாணியாக இருக்கட்டும், கையைப் பிடிக்காமல் போடுங்கள். இந்தக் கையேட்டிலேயே பலன் தருகிற யோசனை இது ஒன்றுதான். மூன்றரைக்கு மறுபடி உள்ளே போய், காவலர் காட்டிய இடத்தில் வண்டியை நிறுத்தும்போது மாமாவின் தலை சாய்ந்திருக்கும். சித்தப்பா குறட்டைக்கு முந்தைய கட்டத்தில் இருப்பார். மஞ்சள் ஜெர்ஸிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஸ்பீக்கரில் சார்ஜ் தீர்ந்திருக்கும். ஆஸ்டின் டவுனை விட்டுப் புறப்பட்டதிலிருந்து முதல் முறையாக யாரும் பேசவில்லை.

நாலு மணி சுமாருக்குப் புதருக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் வெளிமான் வெளியே வரும். முதுகு கிட்டத்தட்டக் கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், முறுக்கிக்கொண்டு மேலேறுகிற கொம்பு. நேராக வந்து, புல்வெளியில் குறிப்பிட்ட ஓரிடத்தில் நின்று, ஏற்கெனவே போட்டு வைத்த புழுக்கைக் குவியலின் மேலேயே மறுபடி போடும். இந்த இடம் என்னுடையது என்று மற்ற ஆண்களுக்குச் சொல்கிற முறை அது. வீட்டு வாசலில் பூந்தொட்டி வைத்து பார்க்கிங் பிடிக்கிற நம் தெருக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். பின்னால் தவிட்டு நிறத்தில் ஏழெட்டுப் பெண் மான்கள் தலை நிமிராமல் மேய்ந்துகொண்டே வரும். கன்று ஒன்று காரணமேயில்லாமல் நாலு காலும் தரையில் படாமல் எழும்பி எழும்பிக் குதிக்கும். இதையெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற ஆறாம் வகுப்புப் பெண் பார்ப்பாள். யாரையும் எழுப்ப மாட்டாள், அவளுக்கு விஷயம் தெரியும்.

பிறகு மாமா விழித்து, “ஏ, மான் மச்சா, மான்!” என்று கத்த, ஜெர்ஸிகள் கதவைத் திறக்க, மொத்த மந்தையும் காட்டுக்குள் போய்விடும். ஆளாளுக்கு வாலை வாலைப் போட்டோ எடுப்பீர்கள். வேதாரண்யம் பக்கம் கருவாடு வாங்கிக்கொண்டு திரும்புங்கள். வண்டியில் ஏசி போடுவதா ஜன்னலைத் திறப்பதா என்ற வாக்குவாதம் தருமபுரிவரை தாங்கும்.

வீட்டுக்கு வந்தபின் ப்ராஜெக்ட் நோட்டைப் பார்க்க வேண்டியிருக்கும். ‘பார்த்த உயிரினங்கள்’ என்ற பக்கத்தில் பிள்ளை மானையும் கன்றையும் வரைந்து, பக்கத்தில் ‘நாலு மணி, எல்லாரும் தூங்கும்போது’ என்று எழுதியிருக்கும். அது பரவாயில்லை. அடுத்த பக்கத்தின் தலைப்பு ‘காட்டில் கேட்ட ஒலிகள்’. அதில் சித்தப்பாவின் குறட்டையும், சித்தி குரங்கைத் திட்டியதும், ஏசி விவகாரத்தில் நீங்கள் மாமாவைச் சொன்ன ஒரு வார்த்தையும் நேரம் போட்டு வரிசையாக இருக்கும். கடைசியில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள். முன்பக்கத்தைப் புரட்டாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.